கனகாட்டுயி என்றால் மன்னிப்பா?

வெள்ளவத்தை வாசகர் | பெப்ரவரி 3, காலை 7.40

பத்திரிகைச் செய்தி மேசையில் இருக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. சிங்கள அரசியல்வாதி ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, மறுநாள் கமெராவுக்கு முன்னால் "கனகாட்டுயி" என்கிறார். அடுத்த நாள் தமிழ்ப் பேப்பரில் "பகிரங்க மன்னிப்புக் கோரினார்" என்று நாலு பத்தித் தலைப்பு. நான் சிங்களத்தில் கேட்டதில் மன்னிப்பு என்ற சொல்லே கிடையாது. இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்தச் சொல்லை யார் முடிவு செய்கிறீர்கள்? இல்லை, யாரும் முடிவு செய்வதே இல்லையா?

மேசைக்காரன் | பெப்ரவரி 3, காலை 9.15

பெரும்பாலும் யாரும் முடிவு செய்வதில்லை. கை பழகிவிட்டது, அதுவாக அடித்துவிடும்.

சிங்களத்தில் இதற்கு ஒரு படிக்கட்டே இருக்கிறது. கீழ்ப்படி "கனகாட்டுயி". கவலையாக இருக்கிறது, அவ்வளவுதான். செத்த வீட்டிலும் இதே சொல்தான். அதற்கு மேலே "கனகாட்டுவ பிரகாஷ கரனவா", அதாவது வருத்தம் தெரிவிக்கிறேன். அறிக்கை எழுதுகிறவர்களுக்குப் பிடித்த படி இது. அடுத்தது "சமாவென்ன", மன்னியுங்கள். அதற்கும் மேலே "சமாவ இல்லனவா", மன்னிப்புக் கேட்கிறேன். உச்சியில் "சமாவ அயதினவா". அது கெஞ்சுவது.

தமிழில் இந்தப் படிகள் இல்லாமல் இல்லை. வருத்தம் என்பது சொல்கிறவனின் மனதோடு முடிந்துபோகிற சங்கதி. மன்னிப்பு என்றால் எதிரே ஒருவர் வேண்டும், அவர் "முடியாது" என்று சொல்லவும் கூடும். "கனகாட்டுயி"யை மன்னிப்பு என்று போட்டால், பேச்சாளர் கேட்காத ஒன்றை நாங்கள் அவருக்காகக் கேட்டுக் கொடுக்கிறோம்.

இடம் போதாது என்ற சாக்கும் செல்லாது. மன்னிப்புக் கோரினார் 10 எழுத்து. வருத்தம் தெரிவித்தார் 11. வருந்தினார் என்றால் 6. உண்மைதான் சின்னது.

ஒலிப்பெட்டி | பெப்ரவரி 3, காலை 9.50

பேப்பருக்குச் சரி. வானொலியில் "அமைச்சர் வருந்தினார்" என்று வாசித்தால், செத்தது யார் என்று கேட்பார்கள்.

மேசைக்காரன் | பெப்ரவரி 3, பகல் 12.30

அதற்குத்தான் எதற்கு வருந்தினார் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். "தன் கருத்துக்காக அமைச்சர் வருந்தினார்." ஒரு விநாடிதான் கூட.

நடைமுறையாகக் கேட்கிறவர்களுக்கு, வேலை நடக்க வேண்டிய ஒழுங்கு இதுதான்.

முதலில் முழுக் காணொளி. வட்ஸ்அப்பில் வருகிற 40 விநாடித் துண்டு போதாது. கேள்வி தொடங்குகிற இடம் முதல், பதிலுக்குப் பிறகு குறைந்தது மூன்று நிமிடம் வரை வேண்டும். ஏனென்றால் முதல் வாக்கியத்தில் வருந்துகிற ஆள் மூன்றாம் வாக்கியத்தில் "ஊடகம் விக்ருதி களா", அதாவது திரித்துவிட்டது, என்று பின்வாங்குவார். அந்த மூன்றாம் வாக்கியம் துண்டில் இருக்காது.

இரண்டாவது, சிங்களத்திலேயே எழுதி எடுப்பது. தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டே எழுதினால் கை பழைய சொல்லுக்குப் போய்விடும். சிங்கள எழுத்து வராதவர் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதட்டும்.

மூன்றாவது, எழுதியதில் நாலு இடத்துக்குக் கீழே கோடு. எந்த வினை? யாரிடம்? எதற்கு? "நம்" இருக்கிறதா?

கடைசிதான் அதிகம் தவறுவது. சிங்கள "நம்" எங்கள் "ஆல்". "யம் கெனெகுகே ஹித ரிதுனா நம், சமாவென்ன." யாருடைய மனமாவது நொந்திருந்தால், மன்னியுங்கள். தொலைக்காட்சியில் ஒரு குரல்துண்டுக்குக் கிடைப்பது 12 விநாடி, மிஞ்சினால் 15. வெட்டுகிறவர் முன்பாதியைத் தூக்கிவிட்டுப் பின்பாதியை வைப்பார், காது கேட்க விரும்புவது அங்கேதான் இருக்கிறது. கத்தரி விழுகிற இடம் சரியாக "நம்"முக்குப் பின்னால். திரையில் மிஞ்சுவது வெறும் "சமாவென்ன". நிபந்தனையோடு வந்த மன்னிப்பு நிபந்தனை இல்லாததாக வெளியே போகிறது. வெட்டியவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பார்க்கிறவன் கேட்டது வேறு.

தமிழ்ப் பேச்சாளரிடமும் இதேதான். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்பதில் அந்த "மாவது"வையும் "ஆல்"ஐயும் எடுத்துவிட்டுத் தலைப்பை எழுதிப் பாருங்கள்.

வெள்ளவத்தை வாசகர் | பெப்ரவரி 3, இரவு 8.05

"எதற்கு" என்பதற்கும் ஏன் கோடு? அது தெரிந்த விஷயம்தானே.

மேசைக்காரன் | பெப்ரவரி 3, இரவு 10.40

அங்கேதான் கெட்டிக்காரர்கள் விளையாடுவது.

பிரித்தானியாவில் லிபரல் டெமோக்கிரட் கட்சித் தலைவராக இருந்த நிக் கிளெக். 2010 தேர்தலுக்கு முன்னால், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று அவரும் கட்சிக்காரர்களும் கையொப்பம் போட்டார்கள். கூட்டரசாங்கத்தில் சேர்ந்த பிறகு கட்டண உச்சவரம்பு 9,000 பவுணானது. 2012 செப்டெம்பரில் காணொளியில் வந்து மன்னிப்புக் கேட்டார். எதற்கு? வாக்குறுதி கொடுத்ததற்கு. கட்டணத்தைக் கூட்டியதற்கு அல்ல. "கட்டண உயர்வுக்கு மன்னிப்பு" என்று தலைப்புப் போட்டவன் அவர் சொல்லாததைப் போட்டான். அந்தக் காணொளியைப் பாட்டாக்கிப் பரப்பினார்கள், சனம் பாட்டைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. 2010இல் 57 ஆசனம் இருந்த கட்சி 2015இல் 8க்கு வந்தது. அதற்கு மன்னிப்பு மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை.

இங்கே என்றால் தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் அவர் பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரி 12 உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாத முடிவில் கத்தோலிக்க மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். தனக்குத் தெரியாமல் மற்றவர்கள் செய்த குற்றத்துக்கு என்று. வினை உண்டு, யாரிடம் என்பதும் உண்டு. "எதற்கு" என்ற இடத்தில் தன் பொறுப்பைக் கழற்றி வைத்துவிட்டார். தீர்ப்புச் சொன்னதோ அவர் செய்யத் தவறியதைப் பற்றி. "மைத்திரி மன்னிப்புக் கோரினார்" என்ற தலைப்பு எழுத்துக்கு எழுத்துச் சரி, செய்தியாகப் பாதி.

கறுப்புக்கோட்டு | பெப்ரவரி 4, காலை 6.55

ஒன்றைச் சேர்க்கிறேன். "வருத்தம்" பல நேரம் தற்செயலாக வாயில் வருவதில்லை, யாரோ எழுதிக் கொடுத்தது. மன்னிப்பு என்றால் தவறை ஏற்றதாக நாளைக்கு மானநட்ட வழக்கில் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும். வருத்தத்தில் அந்தப் பிடி குறைவு. இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது, மிச்சம் இருப்பது குடியியல் வழக்கு. அது வழமையாகக் கோரிக்கைக் கடிதத்தில் தொடங்கும். இத்தனை நாளுக்குள் இத்தனை கோடி, இல்லாவிட்டால் வழக்கு. அந்தக் கடிதம் கையில் கிடைத்த பிறகு அரசியல்வாதி பேசுகிற ஒவ்வொரு சொல்லும் சட்டத்தரணி பார்த்த சொல். ஆகவே நிருபர் முதலில் கேட்க வேண்டியது: கடிதம் வந்துவிட்டதா?

நீதிமன்றத்தில் இந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தியாவில் ராகுல் காந்தி வழக்கு. 2019இல் பிரதமரைப் பற்றிய தன் கோஷத்தை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டதுபோலப் பேசிவிட்டார். அவமதிப்பு வழக்கு. முதலில் கொடுத்த சத்தியக்கடதாசியில் வருத்தம்தான் இருந்தது. அந்தச் சொல் அடைப்புக்குறிக்குள் கிடந்ததே மன்றில் வாதமானது. கடைசியில் மே 8ஆம் திகதி நிபந்தனையற்ற மன்னிப்பு. நவம்பரில் வழக்கு முடிந்தது. அந்த இடைக்காலத்தில் "ராகுல் மன்னிப்பு" என்று முதலே தலைப்புப் போட்டவர்கள் மே மாதத்தில் என்ன போட்டார்களோ.

எங்கள் ஊரில் நடிகரும் அரசியல்வாதியுமான ரஞ்சன் ராமநாயக்க. அலரி மாளிகைக்கு வெளியே நீதிபதிகள், சட்டத்தரணிகள் பற்றி 2018இல் சொன்னதற்கு நாலு வருடக் கடூழியச் சிறை. வாபஸ் வாங்கவும் இல்லை, மன்னிப்பும் இல்லை என்று நின்றவர். 2022 ஓகஸ்டில் கூற்றை வாபஸ் வாங்கி மன்னிப்புக் கேட்ட பிறகுதான் நிபந்தனையுடன் பொதுமன்னிப்புக் கிடைத்தது.

புரூஃப் அண்ணை | பெப்ரவரி 4, காலை 8.20

2018 இல்லை ஐயா. ரஞ்சன் சொன்னது 2017 ஓகஸ்ட் 21. தண்டனை 2021 ஜனவரி 12. வெளியே வந்தது 2022 ஓகஸ்ட் 26.

சிறிசேன தீர்ப்பும் ஜனவரி 12தான், ஆனால் 2023. திகதியை மட்டும் வைத்துக் காப்பகத்தில் தேடுகிற பிள்ளைகள் கவனம், இரண்டும் உயர் நீதிமன்றம், இரண்டிலும் மன்னிப்பு வருகிறது.

இன்னொன்று. ஜனாதிபதி கொடுப்பதும் "மன்னிப்பு", ரஞ்சன் கேட்டதும் "மன்னிப்பு". "மன்னிப்புக் கேட்டவருக்கு மன்னிப்பு" என்று தலைப்பு வந்தால் யார் யாருக்குக் கொடுத்தது? பொதுமன்னிப்பு என்று முழுதாகப் போடுங்கோ. இரண்டு எழுத்துத்தான் கூட.

கறுப்புக்கோட்டு | பெப்ரவரி 4, காலை 8.31

2017 சரி. கை வழுக்கிவிட்டது.

புரூஃப் அண்ணை | பெப்ரவரி 4, காலை 8.33

கை வழுக்கியது என்பது எந்தப் படி?

வெள்ளவத்தை வாசகர் | பெப்ரவரி 5, மாலை 5.20

சிரித்துவிட்டேன். சரி, பாராளுமன்றத்துக்குள் சொன்னால்?

மேசைக்காரன் | பெப்ரவரி 5, இரவு 9.00

அங்கே மூன்றாவது வினை ஒன்று இருக்கிறது: "இல்லா அஸ்கர கன்னவா", வாபஸ் வாங்குகிறேன். வாபஸ் என்பது மன்னிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. சொன்னதைச் சொல்லாததாக ஆக்கச் சம்மதிப்பது. அதை "மன்னிப்பு" என்று எழுதுவது தவறு.

கவனிக்க வேண்டியது ஹன்சார்ட், அதாவது சபைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவு. ஒரு கூற்றை ஹன்சார்ட்டிலிருந்து நீக்கச் சொல்லிச் சபாநாயகர் கட்டளையிட்ட பிறகு அதை வேண்டுமென்றே பிரசுரித்தால், 1953ஆம் ஆண்டுப் பாராளுமன்ற அதிகாரங்கள், சிறப்புரிமைகள் சட்டத்தில் அது குற்றம். எல்லாரும் நேரலையில் கேட்டிருப்பார்கள், முகநூலில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் உங்கள் பேப்பரில் வந்தால் உங்களுக்குத்தான் கேள்வி. ஆகவே சபை நிருபர் குறிப்பில் கூற்றுக்குப் பக்கத்தில் மணியும், நீக்கும் கட்டளைக்குப் பக்கத்தில் மணியும் இருக்க வேண்டும். "சபையில் தகாத வார்த்தை, சபாநாயகர் நீக்கினார்" என்று எழுதலாம். வார்த்தை என்ன என்று எழுதக்கூடாது. வாசகன் ஏசுவான். ஏசட்டும்.

மறுநாள் கிடைக்கிற ஹன்சார்ட் திருத்தப்படாத பிரதி, உறுப்பினர்கள் திருத்தம் அனுப்பலாம். அதை வைத்து "அவர் அப்படிச் சொல்லவேயில்லை" என்று அடிக்க வேண்டாம்.

2025 மார்ச்சில் பாராளுமன்ற உறுப்பினர் அர்ச்சுனா இராமநாதனின் உரைகளை 8 அமர்வு நாட்களுக்கு நேரலையில் காட்டக்கூடாது என்று சபாநாயகர் அறிவித்தார். அப்படியான நாட்களில் முழுக் காணொளி என்ற என் முதல் படியே உடைந்துபோகிறது. கலரியில் இருக்கிற நிருபரின் கைக்குறிப்புத்தான் மிச்சம். சுருக்கெழுத்துப் படிக்கச் சொன்னால் இப்போது யார் கேட்கிறார்கள்.

ஒலிப்பெட்டி | பெப்ரவரி 6, காலை 7.10

எல்லாரும் சிங்களத்திலிருந்து தமிழுக்கு வருவதையே பேசுகிறீர்கள். மறுபக்கம்? 2018 ஜூலை 2, யாழ்ப்பாணத்தில் விஜயகலா மகேஸ்வரன் தமிழில் பேசினார். பெண்பிள்ளைகள் பயமில்லாமல் வெளியே போய்வர முடியாத நிலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்து, புலிகள் மீள உருவாக வேண்டும் என்றார். கடைசி வாக்கியம் மட்டும் தனியே கிளம்பிப் பாராளுமன்றத்தில் கூச்சல். 5ஆம் திகதி இராஜாங்க அமைச்சுப் பதவி போய்விட்டது, ஒக்டோபரில் கைதும் பிணையும். சொன்னது சொன்னதுதான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் முன்னால் வந்த வாக்கியங்களைச் சிங்களத்தில் கேட்டவர்கள் எத்தனை பேர்?

மேசைக்காரன் | பெப்ரவரி 6, காலை 11.45

நியாயம். கத்தரி இரண்டு பக்கமும் வெட்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. உளறல் முதற்பக்கத்தில் நாலு பத்தி. மன்னிப்பு ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி, அதுவும் விளம்பரம் குறைந்த அன்றைக்கு. அரசியல்வாதிகள் இதைச் சொல்லி அழுவது சும்மா இல்லை. ஆனால் மறுதலையும் நடக்கிறது: வேண்டப்பட்ட ஆள் என்றால் உளறல் எங்குமே வராது, மன்னிப்பு மட்டும் முதற்பக்கத்தில் வரும். வாசகனுக்கு எதற்கு மன்னிப்பு என்றே தெரியாது, மனுஷன் எவ்வளவு பெருந்தன்மை என்று நினைப்பான்.

இணையத்தில் இது இன்னும் மோசம். பழைய செய்தி அப்படியே கிடக்கும், தேடினால் அதுதான் முதலில் வரும். செய்ய வேண்டியது சின்ன வேலை. பழைய செய்தியின் தலையில் ஒரு வரி, திகதியோடு: "இக்கூற்றை அவர் இன்ன திகதியில் வாபஸ் பெற்றார்." அதிலிருந்து புதிய செய்திக்கு இணைப்பு, புதியதிலிருந்து பழையதற்கு இணைப்பு. இரண்டு நிமிட வேலை. பழைய செய்தியைச் சத்தமில்லாமல் தூக்கிவிடுவது மட்டும் கூடாது. படம்பிடித்து வைத்திருக்கிறவன் நாளைக்கு இரண்டு பேரையும் சேர்த்து மாட்டுவான்.

புரூஃப் அண்ணை | பெப்ரவரி 6, பகல் 1.15

மேர்வின் சில்வாவை மறந்துபோனீர்களா? 2007 டிசம்பர் 27, பிரதி அமைச்சராக இருந்தவர், அரச தொலைக்காட்சியான ரூபவாஹினிக்குள் ஆட்களோடு புகுந்து செய்திப் பணிப்பாளரைத் தாக்கிய விவகாரம். ஊழியர்கள் திரண்டு அவரை அங்கேயே மறித்து வைத்தார்கள், எல்லாம் நேரலையில். வெளியே போவதற்கு முன்னால் மன்னிப்பு வந்தது. எந்த வினை போடுவது? "கோரினார்" என்றால் தானாகக் கேட்டமாதிரி. "கேட்க வைக்கப்பட்டார்" என்றால் எழுத்து எண்ணிக்கை தலைப்பை விட்டு வெளியே போகும்.

மேசைக்காரன் | பெப்ரவரி 6, பகல் 1.40

"முற்றுகைக்குள் மேர்வின் மன்னிப்பு." சூழ்நிலை தலைப்பிலேயே வந்துவிட்டது, வினையே தேவையில்லை.

யப்பானில் மோரி யோஷிரோ இதற்கு நேரெதிர். டோக்கியோ ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுத் தலைவர். 2021 பெப்ரவரி 3 பெண்கள் கூட்டங்களில் அதிகம் பேசுகிறார்கள் என்றார். 4ஆம் திகதி யாரும் மறிக்காமலே ஊடக சந்திப்பு வைத்து வாபஸ் வாங்கினார், அதே சந்திப்பில் கேள்வி கேட்ட நிருபர்களிடம் எரிந்து விழுந்தார். அடுத்த நாள் செய்தி அந்த எரிச்சல்தான். 12ஆம் திகதி பதவி விலகினார். மன்னிப்புக்குப் பிறகு வருகிற கேள்வி நேரம் வரைக்கும் கமெராவை மூடாதீர்கள் என்று புதியவர்களுக்குச் சொல்வது இதற்காகத்தான்.

ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய இன்னொரு வகை. 2022 ஏப்ரல் 18 புதிய அமைச்சரவைக்கு முன்னால், இரசாயன உரத்தை நிறுத்தியது தவறு, நாணய நிதியத்திடம் முன்பே போயிருக்க வேண்டும் என்றார். தவறு உண்டு, மன்னிப்பு இல்லை. அதற்கு "ஒப்புக்கொண்டார்" போதும்.

மேசைக்காரன் | பெப்ரவரி 8, காலை 6.30

முதல் குறிப்பில் கீழ்ப்படி, மேல்படி என்று பெரிய சட்டம்பியார் மாதிரி எழுதிவிட்டேன். இரண்டு நாளாக உறுத்துகிறது.

"சமாவென்ன" மேலே, "கனகாட்டுயி" கீழே என்பது அகராதிக்குச் சரி, வாய்க்குச் சரியில்லை. பஸ்ஸில் இறங்க வழி கேட்கிறவனும் "சமாவென்ன" என்கிறான். சபையில் குறுக்கே பேச எழும்புகிறவரும் அதையேதான் சொல்கிறார், "இடையூறுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற அர்த்தத்தில். அதைத் துண்டாக வெட்டி மன்னிப்பாக்கிவிடலாம். மாறாக, தொண்டை அடைத்துச் சொல்கிற "ஹரி கனகாட்டுயி" சில நேரம் எழுதி வாசித்த "சமாவ இல்லனவா"வைவிடக் கனமானது.

ஆகவே முடிவை மாற்றிக்கொள்கிறேன். படிக்கட்டை வைத்துத் தலைப்பு எழுத வேண்டாம். இரண்டாம் பந்தியில் அவர் சொன்ன சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டு, பக்கத்தில் பொருளைச் சொல்லுங்கள். "கனகாட்டுயி, அதாவது கவலையாக இருக்கிறது, என்று அவர் கூறினார்." கொழும்பில் வாசிக்கிறவனுக்கு அது போதும், நிறுவை அவன் கையில். வடக்கில் சிங்களம் தெரியாதவருக்குப் பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பில் சந்தேகம் இருந்தால் "வருந்தினார்".

அரசாங்கத் தீர்மானம் என்றால் இந்தச் சிக்கலே வேண்டாம். அமைச்சரவை முடிவுகள் மூன்று மொழியிலும் வருகின்றன. கொவிட் காலத்துக் கட்டாயத் தகனத்துக்காக முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கேட்கும் தீர்மானம் 2024 ஜூலையில் அப்படித்தான் வந்தது. சிங்களப் பிரதியையும் தமிழ்ப் பிரதியையும் பக்கத்தில் வைத்து வினையை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அதுவே தனிச் செய்தி.

ஒலிப்பெட்டி | பெப்ரவரி 8, காலை 7.05

எங்களுக்கு இன்னும் சுகம். அவர் குரலையே போடுவோம். "நம்"மையும் சேர்த்து.

வெள்ளவத்தை வாசகர் | பெப்ரவரி 9, காலை 10.10

கடைசிக் கேள்வி. பேப்பர் பிழை விட்டால் எந்தப் படி?

புரூஃப் அண்ணை | பெப்ரவரி 9, காலை 10.25

பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் ஒழுக்கக்கோவையில் தெளிவாக இருக்கிறது: பிழையை உடனே, தகுந்த முக்கியத்துவத்தோடு திருத்த வேண்டும், தேவையான இடத்தில் மன்னிப்பும் கேட்க வேண்டும். பேப்பர் மறுத்தால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம், அது 2003இலிருந்து இருக்கிறது.

நடப்பில் உள்பக்கம், கீழ் மூலை, மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. "தவறுக்கு வருந்துகிறோம்."

வெள்ளவத்தை வாசகர் | பெப்ரவரி 9, பகல் 12.50

வீட்டில் கிடந்த ஞாயிறுப் பேப்பர் மூன்றையும் விரித்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் பெட்டி இருந்தது. வருந்துகிறோம் என்று. எதற்கு என்று இருக்கிறது. யாரிடம் என்று இல்லை.

மேசைக்காரன் | பெப்ரவரி 9, பகல் 1.02

"நம்" இல்லையே?